ஸ்டுட்கார்ட்டில் காணாமல் போன ஒரு வார்த்தை!

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவனிடம் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, 'சாப்பாட்டுக்கு என்னப்பா பண்ணே?' இரண்டாவது, 'குளிர் தாங்குச்சா?' மூன்றாவது, குரலைத் தாழ்த்தி, 'எவ்வளவு சேர்த்தே?' அங்கே என்னத்தைக் கத்துக்கிட்டே என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் போகிற உங்களுக்கு அப்ரைசல் சமயத்திலாவது உதவும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். 2017-ல் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போனேன். 'அங்கே காலேஜ் ஃபீஸே கிடையாதாமே!' என்று வழியனுப்ப வந்தவர்கள் எல்லாம் பொறாமைப்பட்டார்கள். நம்ம ராசி, நான் சேர்ந்த பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலத்தில் மட்டும் அந்த வருஷம்தான் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ் போட ஆரம்பித்தார்கள். அப்பா வீட்டுப் பத்திரத்தை பாங்க்கில் வைத்தார்.

இன்ஜினீயரிங் மாணவர்கள் அங்கே ஆறு மாசம் கம்பெனியில் பயிற்சி, அப்புறம் கம்பெனியிலேயே ஆறு மாசம் தீஸிஸ் என்று ஒரு வருஷத்தை ஃபாக்டரியில் கழிப்பது சகஜம். எனக்கு அந்த வருஷம் 2018-19. ஊர் ஸ்டுட்கார்ட்.

ஸ்டுட்கார்ட் ஒரு வாணலி மாதிரி இருக்கும். நடுவில் ஊர், சுற்றிலும் மேடு, மேட்டில் திராட்சைத் தோட்டம். ஏறி இறங்க 400-க்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள். பழனிமலை ஏறின கால்தான் என்றாலும் முதல் வாரம் முட்டி பேசியது. ராபர்ட் போஷ் 1886-ல் பட்டறை திறந்த ஊர் இது. அதற்குக் கொஞ்சம் முன்னால் டைம்லரும் மேபாக்கும் கான்ஸ்டட் பகுதியில் ஒரு தோட்டத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜின் செய்தார்களாம். ராத்திரி பகலாக டொக்கு டொக்கு என்று சத்தம் கேட்கவே, கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பீளமேட்டுப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஊர் பிடிக்காமல் போகுமா?

பாஷைதான் காலை வாரியது. சென்னையில் மாக்ஸ்முல்லர் பவனில் படித்த ஜெர்மனோடு போய் இறங்கினால், இவர்கள் பேசுவது ஷ்வேபிஷ் வட்டார வழக்கு. மாநில அரசே 1999-ல் ஆரம்பித்த விளம்பரத்தில், 'எங்களுக்கு எல்லாம் வரும், சுத்த ஜெர்மன் தவிர' என்று பெருமையடித்துக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மனுஷர்கள் பேச்சில் மட்டும் ஒளிவுமறைவு கிடையாது. எங்கள் குடியிருப்பில் 'கேர்வோஹே' என்று ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒரு வீட்டுக்காரர் மாடிப்படியையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை வந்தால் நம் கதவில் ஒரு அட்டை தொங்கும். நான் துடைத்து முடித்ததும் கீழ்வீட்டுப் பாட்டியம்மா மூக்குக் கண்ணாடி சகிதம் வந்து படிப்படியாகப் பார்த்துவிட்டு, 'பரவாயில்லை. போன தடவையை விட நல்லா இருக்கு' என்பார். அவ்வளவுதான் பாராட்டு. நம்ம ஊர் மாமிகளாக இருந்தால் எதிரில் 'தங்கமான பிள்ளை' என்று சொல்லிவிட்டு, மற்றதைப் பின்னால் பேசுவார்கள்.

இவ்வளவு பட்டவர்த்தனமாகப் பேசுகிறவர்கள், பேப்பரில் எழுத உட்கார்ந்தால் மட்டும் சங்கேத பாஷைக்குப் போய்விடுகிறார்கள். அதுதான் நம்ம கதை.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். அங்கே ஆபீஸில் 'ஹெர்' போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருந்தது அப்பா பெயர். ஆக, ஒரு வருஷம் முழுக்க அந்த ஃபாக்டரியில் என்னை யாரும் என் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் லேட்டாகப் போனால் அப்பா லேட். நான் காபியைக் கொட்டினால் அப்பா கொட்டினார்!

பயிற்சி முடிந்தால் கம்பெனி ஒரு சான்றிதழ் தரும். 'ட்சோய்க்னிஸ்' என்பார்கள். எனக்கும் வந்தது. 'இவர் எங்களுக்கு முழுத் திருப்தி அளிக்கும் வகையில் பணியாற்றினார்.' ஆஹா! போட்டோ எடுத்து உடனே கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். கான்டீனில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர், ரிட்டயராக இரண்டு வருஷம் இருந்தவர், வாங்கிப் படித்துவிட்டு, 'மூணாவது கிரேடு' என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நாப்கினில் எழுதியே காட்டினார். சான்றிதழ் உண்மையாக இருக்கவேண்டும், அதே சமயம் ஆளின் பிழைப்பைக் கெடுக்காத நல்லெண்ணத்தோடும் இருக்கவேண்டும் என்பது அங்கே சட்ட நியதி. இரண்டையும் காப்பாற்ற ஒரு பாஷை உருவாகிவிட்டது. 'எப்போதும் முழுமுழுத் திருப்தி' என்றால் முதல் கிரேடு. 'எப்போதும் முழுத் திருப்தி' இரண்டாவது. 'எப்போதும்' விட்டுப்போனால் மூன்றாவது. வெறும் 'திருப்தி' நான்காவது. 'முயற்சி செய்தார்' என்று எழுதினால்... முயற்சி மட்டும்தான் செய்தார் என்று அர்த்தம்! நம்ம டி.ஸி.யில் எல்லாருக்கும் 'நடத்தை: நன்று' என்று எழுதுவார்களே, அந்த தர்மசிந்தனை அங்கே இல்லை.

ஆக, எனக்கும் நல்ல வேலைக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு வார்த்தை - 'ஷ்டெட்ஸ்', எப்போதும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாசம் விசா கிடைக்கும். ஆனால் எல்லா அப்ளிகேஷனோடும் இந்தக் காகிதம் போகுமே! வீட்டுப் பத்திரம் வேறு பாங்க்கில் இருக்கிறது.

'போய்க் கேளுங்க' என்றார் பெரியவர். அய்யோ, பெரிய மனுஷன் கையெழுத்துப் போட்டதை மாத்தச் சொல்றதா? ஊரில் என்றால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம். இல்லை, யாரையாவது சிபாரிசுக்குப் பிடிப்போம். பெரியவர் சிரித்தார். 'சண்டையும் வேணாம், கெஞ்சவும் வேணாம். ஆதாரத்தோட போங்க.' மூன்றாவது கிரேடை விட உசத்தியாக வேண்டும் என்றால் அதை நிரூபிப்பது வேலை பார்த்தவன் பொறுப்பு என்று அவர்களுடைய தொழிலாளர் உச்ச நீதிமன்றமே 2014-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம்.

நல்லவேளை, என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. லேத்தில் வேலை பார்த்த அப்பாவின் பழக்கம். அன்றன்றைய வேலையைத் தேதி போட்டு எழுதிவிடுவார். எனக்கும் ஒட்டிக்கொண்டது. பம்ப் அதிர்வுச் சோதனைகள் பதினாலு, அதில் தனியாகச் செய்தது ஒன்பது, கெடுவுக்கு முன் முடித்தது எத்தனை என்று ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். உள்ளங்கை வேர்த்தது - வெளியே மைனஸ் மூன்று டிகிரி!

அவர் படித்தார். இரண்டு கேள்வி கேட்டார். 'ஷ்டிம்ட்' என்றார். சரிதான் என்று அர்த்தம். மூன்றாம் நாள் புதுச் சான்றிதழ் மேஜைக்கு வந்தது. ஷ்டெட்ஸ் இருந்தது. அவர் முகத்தில் கோபமும் இல்லை, 'பார்த்தியா, உனக்காகப் பண்ணேன்' என்கிற உபகார பாவனையும் இல்லை. மறுநாள் காலை எப்போதும் போல 'மோர்கன்' சொன்னார். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். கேட்டது எனக்கு உரியது. கொடுத்தது அவர் கடமை. நடுவில் யாருக்கும் மானப் பிரச்னை வரவில்லை.

புது சான்றிதழை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஜெர்மன் வழக்கப்படி அதிலும் முழுக்க அவர் பெயர்தான். 'ஹெர்' இன்னார் எப்போதும் முழுத் திருப்தி அளித்தார் என்று. முப்பத்திரண்டு வருஷம் மில் பட்டறையில் நின்றவர் போனில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், 'ஏங்கண்ணு, வேலை பாத்தது நீயி, சர்ட்டிபிகேட்டு எனக்கா?' என்றார்.

அந்தக் காகிதத்தோடு அங்கேயே இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பத்திரத்தை மீட்டோம். 2021-ல் ஊர் திரும்பினேன். இப்போது என்னிடமும் பயிற்சிக்குப் பையன்கள் வருகிறார்கள். கடைசி நாளில், 'சார், நல்லா எழுதிக் குடுங்க சார்' என்று நெளிகிறார்கள்.

'என்னென்ன செஞ்சே, தேதியோட எழுதிட்டு வாப்பா. நேரா நின்னு கேளு' என்கிறேன்.

உங்களுக்கும் அதேதான். பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்ரைசலுக்கு இன்னும் நாள் இருக்கிறது!