நீட்சிகளின் பூசல்

அமெரிக்க நாட்டு ஆப்பிள் நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் மெக்கின்டாஷ் என்னும் கணினியை வெளியிட்டது. 2001-இல் முற்றிலும் புதியதோர் இயங்குதளம் வரும்வரை, அதனை இயக்கிவந்த பழைய இயங்குதளத்திற்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. சிறுசிறு துணைநிரல்களைச் சேர்த்து அதன் ஆற்றலைப் பெருக்கலாம். அச்சுப்பொறியை இயக்க ஒன்று, குறுந்தகட்டைப் படிக்க ஒன்று என அவை பலவாகும். அவற்றை எக்ஸ்டென்ஷன் என்பர். தமிழில் நீட்சி எனலாம்.

கணினியை முடுக்கியதும் நீட்சிகளின் சின்னங்கள் திரையின் அடியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அவை ஏறும் முறை, பெயர்களின் ஆங்கில அகரவரிசையே. ஆதலின், ஒன்றனை முந்தச் செய்ய விழைவோர் அதன் பெயர்க்கு முன்னே ஓர் இடைவெளி இடுவர். வெற்றிடம் ஒன்றினால் முதன்மை எய்தும் விந்தை இது!

நீட்சிகள் யாவும் இயங்குதளத்தோடு ஒரே நினைவகத்தில் தடுப்புச் சுவரின்றி வாழ்வன. ஒரே பணியை இரண்டு நீட்சிகள் தத்தம் வழியில் திருப்ப முயலின் பூசல் விளையும். திரை உறைந்து நிற்கும். எலியை அசைத்தாலும் பயனில்லை. நாள் முழுதும் வருந்தி எழுதியதைச் சேமியாது வைத்திருந்தவர் அதனை அடியோடு இழப்பர்.

அந்நிலையில் சினந்து நீட்சிகளையெல்லாம் அழித்தெறிதல் பேதைமை. கணினி எழும்போது ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டிருப்பின் நீட்சி ஒன்றும் ஏறாது. அப்பொழுது குறை நீங்கின், குற்றம் அவற்றிடையே உள்ளது என்பது தெளிவு. பின்னர் இடைவெளி விசையை அழுத்தியவாறு எழுப்பினால், நீட்சி மேலாளர் என்னும் பட்டியல் திறக்கும். 1994-இல் வந்த சிஸ்டம் 7.5 முதல் இஃது இயங்குதளத்துடனேயே கிடைத்தது. பட்டியலிற் பாதியின் குறிகளை நீக்கிச் சோதித்தல் வேண்டும். குறை எப்பாதியில் நிற்கிறதோ அப்பாதியை மீண்டும் பகுத்தல் வேண்டும். அறுபத்து நான்கு நீட்சிகள் இருப்பினும் ஆறே சோதனைகளில் ஒன்று அகப்படும். ஒவ்வொரு முறையும் கணினியை மீண்டும் எழுப்ப வேண்டியிருத்தலின், பொறுமை மிகுதியும் தேவை.

சிலபோது எப்பாதியை நீக்கினும் குறை மறைந்துவிடும். ஈண்டுத்தான் ஆராய்ச்சி சுவையுடையதாகிறது. தனித்து நிற்கையில் நல்லனவாய், கூடிய வழியே பகைக்கும் இரண்டு நீட்சிகள் இரு பாதிகளிலும் பிரிந்து கிடக்கின்றன என்பது அதன் பொருள். ஒரு பாதியை அப்படியே நிறுத்தி, மற்றதிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்துவரின் இரண்டும் புலப்படும். அவற்றின் வரிசையை மாற்றிய அளவிலேயே பூசல் தணிதலும் உண்டு. தணியாதாயின் ஒன்றன் குறியை நீக்கலே வழி. நீக்கப்பட்டது அழிவதில்லை, மேலாளர் அதனை வேறோர் உறையில் எடுத்து வைக்கும். வேண்டும்போது மீண்டும் குறியிட்டுக் கணினியை எழுப்பினால், அது தன் பழைய இடத்திற்கு வந்து சேரும்.