ஒட்டுக் கட்டும் கைகள்

தாமல் ஏரித் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் என்ன வைக்கலாம் என்று பேச்சு வந்தால், எங்கள் ஊரில் யாராவது முந்திரி என்பார்கள். நல்ல கன்றுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. அதற்காகத்தான் விருத்தாசலம் போனேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. வி.ஆர்.ஐ. 3 ரகம் 1991இல் வெளிவந்தது அங்கிருந்துதான். முந்திரி அயல் மகரந்தத்தில் காய்ப்பது. நல்ல மரத்தின் கொட்டையை ஊன்றினாலும் தாயின் குணம் அப்படியே இறங்காது. மரம் மரமாக விளைச்சலை எடைபோட்டு, ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்துத் தேர்ந்த மரத்தை அதே குணத்தோடு பெருக்க, ஒட்டுதான் கைகண்ட வழி.

பக்கத்து நர்சரி ஒன்றில், நிழல்வலைக்கு அடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். பையில் வளர்ந்த வேர்ச்செடிக்கு ஒன்றரை, இரண்டு மாத வயது. தாய்மரக் குச்சியில் ஒரு வாரம், பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளி, காம்பை மட்டும் விட்டிருக்கிறார்கள். அப்போதுதான் நுனிமொட்டு பருக்கும். வேர்ச்செடியின் தலையை வெட்டி நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவி அதில் செருகுகிறார்கள். பட்டையோடு பட்டை பொருந்தவேண்டும். காஞ்சிபுரத்துத் தறியில் பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பவர்களின் விரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

“கத்தி மொன்னையா இருந்தா ஒட்டு புடிக்காது தம்பி. ஒரே இழுப்புல சீவணும். ரெண்டாந்தரம் கத்தி படக்கூடாது” என்றார் மூத்தவர். பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, ஈரம் காக்க மேலே ஓர் உறை மாட்டினார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. அதன்பிறகு, திரும்ப நட ஒட்டுக்கன்று கேட்டு வந்த கூட்டத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. இரவில் விளக்கு வைத்துக் கட்டினார்களாம்.

சின்னக் கன்றைப் பார்த்து ரகம் சொல்வது பழகிய கண்ணுக்கும் கடினம். காய்க்க மூன்றாண்டு ஆகும். குச்சி வெட்டும்போது மரம் மாறிப்போனால், அத்தனை கால ஆராய்ச்சியும் அந்தக் கன்றில் இல்லை. ரகத்தைத் தேர்ந்தெடுத்தது நிலையம். அதை விவசாயியின் குழிவரைக்கும் கலப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தக் கைகள். தாய்மரத்தின் எண்ணோடு, கட்டியவர் பெயரும் கன்றின் அட்டையில் இருக்கவேண்டும் என்பேன். அந்தத் திறமைக்கு ஏற்ற கூலியும் வேண்டும்.

கிளம்பும்போது கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொடுத்தவர், ஒட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். “இது மண்ணுக்குள்ள போயிடக்கூடாது. வேர் புடிச்சதும் நாடாவ அவுத்துடுங்க. இதுக்குக் கீழே துளிர் வந்தா அது காட்டுச்செடி. பாத்த உடனே கிள்ளிடணும், தம்பி.”