எந்தக் காடு, எந்த மாதம், எந்தப் படை?

போர் விளையாட்டு மினியேச்சர்களின் தலைநகரம் எது என்று கேட்டால், இங்கிலாந்தில் அந்தத் துறையினர் யோசிக்காமல் நாட்டிங்ஹாம் என்பார்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் அங்கேதான். வார்லார்ட் கேம்ஸும் அங்கேதான். வரலாற்றில் நடந்த போர்களை மேசைமேல் நடத்திப் பார்க்கும் ஆர்வலர்களுக்காக, ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் 28 மி.மீ. வீரர்களை அந்த வட்டாரத்தில் வார்க்கிறார்கள். அந்நகரத்து ஆட்ட மன்றம் ஒன்றில் நான் போய் உட்கார்ந்த மேசையில், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியரும் மோதிய 1944-ஆம் ஆண்டின் கொஹிமா உருவாகிக்கொண்டிருந்தது.

மினியேச்சரின் வேலை வார்ப்பறையில் தொடங்குகிறது. சிற்பி புட்டியில் பிடித்தோ கணினியில் வடித்தோ மூல உருவத்தைச் செய்கிறார். அதை இரண்டு வட்ட ரப்பர் தகடுகளுக்கு நடுவே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சாக்குகிறார்கள். சுழலும் அச்சின் நடுத்துளையில் உருகிய வெள்ளீயக் கலவையை ஊற்றினால், அது விளிம்புவரை விசிறப்பட்டுத் துப்பாக்கிக் குழல், தொப்பி நாடா எல்லாவற்றிலும் புகுந்து நிறைகிறது. பிளாஸ்டிக் வீரர்களுக்கோ எஃகு அச்சு வேண்டும். அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாக ஏராளமாக விற்க வேண்டும். அதனால் குறைவாக விற்கும் படைப்பிரிவுகள் பெரும்பாலும் உலோகத்திலேயே வருகின்றன.

வார்ப்புத் தழும்பை அரம் வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவைத்ததும், முதல் வாதம் பச்சை நிறத்தைப் பற்றித்தான்.

1942-ல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை காக்கி உடுத்தியிருந்தது. பிறகு அதே காக்கிக்குப் பச்சைச் சாயம் ஏற்றினார்கள். அடுத்த கட்டமாக, இந்தியாவில் பச்சைத் துணியிலேயே சீருடை தைத்தார்கள். ஒரு சாயத்தொட்டியின் பச்சை இன்னொன்றில் வராது. வெயிலும் வியர்வையும் ஓயாத மழையும் இருந்த நிறத்தையும் வெளுக்கவைத்தன. அதனால் ஒரே குப்பிப் பச்சையால் ஒரு பிளாட்டூன் முழுவதையும் முடிப்பவரை இந்த மேசையில் யாரும் மெச்சுவதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, நான்கைந்து வீரர்களுக்கு ஒரு கலவை என்று வைத்திருந்தார். ஒன்றில் சாம்பல் கூடுதல்; இன்னொன்றில் காக்கி எட்டிப் பார்க்கும். அக்ரிலிக்கில் அடிநிறம் பூசி, நீர்த்த பழுப்பு வாஷை மடிப்புகளில் ஓடவிட்டு நிழல் உண்டாக்கினார். பிறகு பிரஷில் இருந்த வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, அநேகமாகக் காய்ந்த பிரஷால் மேடான இடங்களை மட்டும் வருடினார். உருவம் சிறியதாக இருப்பதால் அசல் நிறத்தை அப்படியே பூசினால் கறுத்துத் தெரியும். ஒரு படி வெளிற வைக்க வேண்டும் என்பது அவர் கையோடு படிந்த விதி.

அதைவிட நுணுக்கமான வேலை முகத்தில் இருக்கிறது. பர்மாப் போரில், நேச நாடுகளின் தரப்பில் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்மின் 14-ஆவது படையில் களம் கண்ட டிவிஷன்களில் எட்டு இந்திய டிவிஷன்கள், மூன்று ஆப்பிரிக்க டிவிஷன்கள். பிரிட்டிஷ் டிவிஷன்கள் இரண்டே இரண்டு. தோல்நிறம் என்று ஒற்றைக் குப்பியை வைத்துக்கொண்டு இந்தப் படையைத் தீட்ட முடியாது. பஞ்சாபியருக்கு ஒன்று, கூர்க்காக்களுக்கு ஒன்று, நைஜீரிய வீரர்களுக்கு ஒன்று என்று ஆசிரியை தனித்தனியாகக் கலக்கினார். கருமையான முகத்துக்கு நிழல் கொடுக்கக் கறுப்பைத் தொடவே இல்லை, செம்பழுப்பும் ஊதாவும்தான். கறுப்பைக் கலந்தால் முகத்தின் உயிரோட்டம் போய்விடும் என்றார்.

‘தம்பி’கள் என்று இந்திய ராணுவம் முழுக்க அறியப்பட்ட மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் பர்மாவில் பணியாற்றியவர்கள்தான். முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ, 1912-ல் அந்தப் படையின் அதிகாரி மெக்ளின்டாக் உருவாக்கியது. பித்தளைக் கம்பியை நறுக்கி அந்த நீளக் குழாயைச் செய்து, ஒரு சாப்பரின் கையில் ஒட்டிவைத்திருந்தார்கள். அவருடைய முகத்தில் நம் ஊர் மாநிறம் பிசகாமல் வந்திருந்தது. எனக்கு அதை விட்டுக் கண்ணெடுக்க மனம் வரவில்லை.

அடுத்தது நிலம். ஒவ்வொரு வீரனும் 25 மி.மீ. வட்டத் தகட்டில் நிற்கிறான். தகட்டில் புட்டி பூசி, பிவிஏ பசையில் மணலும் மரப்பட்டைத் துணுக்கும் தூவுகிறார்கள். பிர்ச் மரத்தின் பூங்கொத்தை உதிர்த்தால் விழும் செதில்கள், இந்த அளவுக்கு அசல் சருகாகவே தெரிகின்றன. மீன்தொட்டிக்கு விற்கும் பிளாஸ்டிக் செடியைக் கத்தரித்தால் புதர். தேங்காய் நார் மிதியடியிலிருந்து பிடுங்கிய கற்றை உயரமான புல்.

பொருள் கிடைப்பதில் சிரமமில்லை. எதை எங்கே வைப்பது என்பதில்தான் தேர்ச்சி தெரிகிறது. பர்மாவின் அரக்கான் கரையோரம் என்றால் அலையாத்தி மரங்களும் ஓதம் ஏறும் ஓடைகளும் வயல்வெளியும் வேண்டும். பருவமழைச் சேற்றுக்குப் பளபளப்பு வார்னிஷ் பூசுவார்கள். 1945 மார்ச்சில் மெய்க்திலா என்றால் வறண்ட சமவெளி, புழுதி, முள்செடி. கொஹிமாவோ சுமார் 1,400 மீட்டர் உயர மலை முகடு. அங்கே தென்னை மாதிரி ஒரு மரத்தை நட்டால் மன்றத்தினர் உடனே பிடுங்கிவிடுவார்கள்.

அவர்களுடைய கொஹிமாவில் இலையே குறைவு. 1944 ஏப்ரல் 4-ல் தொடங்கிய சண்டையில் பீரங்கிக் குண்டுகள் மரங்களை மொட்டையாக்கியிருந்தன. விமானத்திலிருந்து போட்ட பொருள்களின் பாராசூட்டுகள் அந்த மொட்டைக் கிளைகளில் தொங்கின. நீர்த்த பசையில் நனைத்த டிஷ்யூ காகிதத்தால் அந்தப் பாராசூட்டுகளைச் செய்திருந்தார்கள். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம், உள்ளங்கை அகலத்துக்குச் சற்று மேல், மேசை நடுவே கிடந்தது. அதன் இரு புறமும் எதிரெதிர்ப் பதுங்குகுழிகள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கையெறி குண்டு வீசிக்கொள்ளும் தூரம். மே 13-ல் மேட்டிலிருந்து அந்த மைதானத்துக்குள் இறங்கிய லீ டாங்கி, பழுப்புச் சேறு பூசப்பட்டு ஓரத்தில் காத்திருந்தது. அந்த இடத்தில் இன்று போர்க்கல்லறை இருக்கிறது. 1,420 பேர் புதைக்கப்பட்ட அந்த வளாகத்திலேயே, எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கும் நினைவுச்சின்னம் உண்டு. மைதானத்தின் வெள்ளைக் கோடுகள் கல்லறைகளுக்கு நடுவே இன்றும் பேணப்படுகின்றன. ஆட்டத்தைத் தொடங்குமுன் இதைப் புதியவர்களுக்குச் சொல்வது அந்த மன்றத்தின் வழக்கம்.

ஆசிரியையின் அடுத்த வேலை 81-ஆவது மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன். காலடான் பள்ளத்தாக்கில், விமானத்திலிருந்து போடப்பட்ட பொருள்களை நம்பியே முன்னேறிய படை அது. அதன் சுமைகாரர்கள் தலையில் பெட்டிகளைச் சுமந்து நடந்தவர்கள். தேடிய அந்தத் தோற்றத்தில் உருவங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு பெட்டியில் வந்த உடல்களை இடுப்பில் அறுத்து, கைகளை மேலே திருப்பி ஒட்டி, தீப்பெட்டிக் குச்சியில் பெட்டிகள் செய்யத் தொடங்கியிருக்கிறார். முதல் சுமைகாரரின் கழுத்து பாரத்தில் எவ்வளவு அமுங்கும் என்று பழைய புகைப்படம் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, புட்டியை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.