ஆட்டுக்கு வயிறு நாலு, பிள்ளைக்கு குரூப் ஒண்ணு

பிள்ளை டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு சொன்னா தெருவே வந்து வாழ்த்திட்டுப் போகும். அதே பிள்ளை மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு சொல்லிப் பாருங்க.. "ஏன், மார்க்கு வரலையா?"ன்னு கேப்பாங்க. மனுஷனுக்கு ஒரே வயிறு. வலிச்சா வாயைத் திறந்து சொல்லிடுவான். ஆட்டுக்கு வயித்துல நாலு அறை, வாயைத் திறந்தா "மே"ன்னு மட்டும்தான் வரும். எது கஷ்டமான படிப்புன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க :-)

இந்தப் பதிவு ரெண்டு பொண்ணுங்களைப் பத்தினது. ஒருத்தி எங்க லாத்தா மகள், அதிராம்பட்டினத்துல இருக்கா. இன்னொருத்தி எங்க சாச்சா மகள், அமெரிக்காவுல நியூஜெர்சியில. ரெண்டு பேருக்கும் கால்நடை மருத்துவராகணும்னு ஆசை. அந்தப் படிப்புல சேர வேண்டிய அறிவியல் பாடம் ரெண்டு பேருகிட்டயும் இல்ல. ரெண்டு பேரும் ராத்திரி லேப்டாப் முன்னாடி உக்காந்து அந்தப் பாடத்தைத்தான் இப்ப படிச்சுக்கிட்டு இருக்காங்க. நான் துபாய்ல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரு கதையையும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

முதல்ல அமெரிக்கக் கதை. சாச்சா மகள் படிச்சது கணக்கு வழக்கு. நல்ல கம்பெனி, நல்ல சம்பளம். சனி ஞாயிறுல ஒரு விலங்குக் காப்பகத்துக்கு நாய் பூனை கழுவி விடப் போனவ, 29 வயசுல "காக்கா, நான் வெட் ஆகப்போறேன்"ன்னா. சாச்சா ஒரு வாரம் யாருகிட்டயும் பேசல.

அங்க முறை வேற. நம்ம ஊர்ல மாதிரி +2 முடிச்ச கையோட கால்நடைக் கல்லூரிக்குப் போறதில்ல. முதல்ல காலேஜ் அளவுல குறிப்பிட்ட பாடங்களை முடிச்சிருக்கணும். உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், உயிர் வேதியியல், இயற்பியல், புள்ளியியல்.. இடத்துக்கு இடம் மரபியல், நுண்ணுயிரியல்னு இன்னும் நீளும். அதுக்கப்புறம்தான் 4 வருஷ டி.வி.எம். படிப்பு. நீங்க பட்டம் வாங்கினது எதுலங்கிறது ரெண்டாம்பட்சம். இலக்கியம் படிச்சவங்களும் வரலாம், கணக்குப் பிள்ளையும் வரலாம். பட்டியல்ல இருக்கிற பாடம் முடிஞ்சிருக்கா, அதுதான் கேள்வி.

அந்தப் பாடங்கள்ல பலதை இப்ப ஆன்லைன்லயே எடுக்கலாம். ஆனா கல்லூரிக்குக் கல்லூரி சட்டம் மாறும். ஒரு இடத்துல ஆன்லைன் பாடம் செல்லும். இன்னொரு இடத்துல பாடம் ஆன்லைன்ல ஓகே, செய்முறை மட்டும் நேர்ல செஞ்சிருக்கணும். மூணாவது இடத்துல இத்தனை வருஷத்துக்கு முந்திப் படிச்ச அறிவியல் செல்லாது. இவ கணக்குப்பிள்ளை இல்லையா, எல்லாத்தையும் ஒரு எக்ஸெல் ஷீட்டுல போட்டு வச்சிருக்கா. அதைப் பாத்தா ஜிஎஸ்டி கணக்கே தேவலைன்னு தோணும்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

லாத்தா மகள் பத்தாவதுல நல்ல மார்க்கு. 2022ல பதினொண்ணாம் வகுப்புல சேரும்போது "கம்ப்யூட்டர் குரூப் எடுத்துக்க"ன்னு எல்லாரும் சொன்னாங்க. தெருவுல ஒரு பையன் பெங்களூர்ல ஐ.டி.யில இருக்கான், அது போதாதா காரணத்துக்கு? அப்ப அவளுக்கு 15 வயசு. கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல்.. நாலும் கட்டாயிருச்சு. உயிரியல் போயிருச்சு. 2024ல +2 முடிச்சு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்துட்டா.

அந்த வருஷக் கடைசியிலதான் அவ வளத்த ஆடு செத்துப்போச்சு.

எங்க ஊர் ஆடுகளைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுங்க தெருவுக்கே பொதுச்சொத்து மாதிரி திரியும். யார் வீட்டு வாசல்ல என்ன கிடைச்சாலும் திங்கும். அன்னைக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு கல்யாண விருந்து. மிச்சச் சோறைக் கொண்டுவந்து ஒரு ஓரமாக் கொட்டியிருக்காங்க. ஆடு வயிறு முட்டத் தின்னுருக்கு. சாயங்காலம் நிக்க முடியாம படுத்துருச்சு. வயிறு உப்பிப் போச்சு, பல்லைக் கடிக்குது, தண்ணி மாதிரி கழியுது. ராத்திரி யாரைக் கூப்பிடுறதுன்னு தெரியாம ஓமத்தண்ணி குடுத்துப் பாத்திருக்காங்க. விடியக்காலையில முடிஞ்சுபோச்சு.

எல்லாரும் "கண்ணு பட்டுருச்சு"ன்னாங்க. இவ மட்டும் ஒத்துக்கல. "சோறு தின்னா ஆடு ஏன் மாமா சாகணும்? நாம தினம் தின்கிறோமே?"ன்னு எனக்கு வாட்ஸப்ல கேட்டா. எனக்கு என்ன தெரியும். நியூஜெர்சிக்குத் தள்ளி விட்டேன். அங்கேர்ந்து பதில் வந்துச்சு.

ஆடு மாட்டோட முதல் வயித்தறைக்கு ரூமன்னு பேரு. அது ஒரு ஊறல் தொட்டி. உள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிருங்க புல்லையும் வைக்கோலையும் நிதானமா புளிக்கவச்சு ஆட்டுக்கு உணவாக்கித் தருது. அதுங்களுக்கு ஒத்துக்கிற அமில அளவு, அதாவது பி.எச்., சுமாரா 6லேர்ந்து 7 வரைக்கும். திடீர்னு ஒரு குண்டான் சோறு உள்ள போனா மாவுச்சத்து படுவேகமா புளிக்குது. லாக்டிக் அமிலம் குவிஞ்சு பி.எச். 5க்கும் கீழ இறங்கிருது. புல்லைச் செரிக்கிற நல்ல நுண்ணுயிருங்க செத்துப்போகுது. ரூமனுக்குள்ள இருக்கிற கரைசல் அடர்த்தியாயிட்டதால சவ்வூடு பரவல் முறையில ரத்தத்துல இருக்கிற தண்ணி வயித்துக்குள்ள இழுபடுது. தண்ணியெல்லாம் வயித்துல, ஆனா ஆடு தண்ணியில்லாம சாகுது. ரத்தத்துலயும் அமிலம் ஏறிடுது.

இதைப் படிச்சுட்டுத்தான் அவ ஒரு விஷயம் சொன்னா. "மாமா, நுண்ணுயிர் உயிரியல்ல வருது. பி.எச். வேதியியல்ல வருது. சவ்வூடு பரவலும் அதுலதான். இதுல ரெண்டு பாதி எனக்குத் தெரியும். ஒரு பாதிதான் இல்ல."

ரெண்டு பாதியும் இன்னொரு பாதியும் சேந்தா ஒண்ணரை வருதேன்னு கேக்காதீங்க. கணக்கு குரூப் பிள்ளைதான், இருந்தாலும் அழுதுக்கிட்டே சொன்னது.

அந்தப் பாதிதான் பிரச்சினை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989ல வந்தது, இந்தியாவுலயே இந்தத் துறைக்குன்னு வந்த முதல் மாநிலப் பல்கலைக்கழகம். அதோட ஒரத்தநாடு கல்லூரி 2012ல தொடங்குச்சு. எங்க ஊர்லேர்ந்து பட்டுக்கோட்டை போய் தஞ்சாவூர் பஸ் ஏறினா வழியிலயே இறங்கிக்கலாம். படிப்பு அஞ்சரை வருஷம், கடைசி ஒரு வருஷம் பயிற்சி. மாநில இடங்களுக்கு +2 மார்க்கு வச்சுத்தான் தரவரிசை. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆகமொத்தம் 200. இவகிட்ட பின்னாடி இருக்கிற 100க்கு நல்ல மார்க்கு இருக்கு. முன்னாடி இருக்கிற 100க்கு பாடமே இல்ல. காலேஜ் பஸ் தூரத்துல இருந்து என்ன செய்ய?

அமெரிக்காவுல 29 வயசுக்காரிக்கு "பாடம் குறையுதா, போய்ப் படிச்சுட்டு வா"ங்கிறான். நம்ம ஊர்ல 15 வயசுல ஒரு பாரத்துல டிக் அடிச்சதோட வாழ்க்கை முடிவாயிடுது. பாடம் வேணும்னு கேக்குறதுல எனக்குத் தகராறே இல்ல. உயிரியல் தெரியாத டாக்டர்கிட்ட நான் என் ஆட்டைக் கொண்டு போக மாட்டேன். என் தகராறெல்லாம், விட்டுப்போன பாடத்தைப் பின்னாடி வந்து படிச்சுக்கிறதுக்கு இடம் எங்கங்கிறதுதான்.

தேடினதுல சின்னதா ஒரு சந்து கிடைச்சுது. என்.ஐ.ஓ.எஸ்.னு சொல்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்து +2 அளவுல எழுதலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை பொதுத்தேர்வு. பாடப் புத்தகம் இணையத்துல இருக்கு, வீடியோ பாடம் 2017ல வந்த ஸ்வயம் தளத்துல இருக்கு. 2023 நவம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம், +2 முடிச்சதுக்கப்புறம் உயிரியலைக் கூடுதல் பாடமா எழுதிப் பாஸ் பண்ணினவங்களும் நீட் எழுதலாம்னு அறிவிச்சுது. கால்நடைக் கல்லூரிகள்ல 15 சதவீத இடத்தை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நீட் மார்க்கு வச்சு அகில இந்திய அளவுல நிரப்புது. சந்து ஒடுக்கம்தான், கூட்டமும் அதிகம். ஆனா சுவர் இல்ல.

2025ல பணம் கட்டி சேந்துட்டா. பகல்ல ஜாவா, ராத்திரி உயிரியல். கூடவே நம்ம பாடநூல் கழகத்தோட பதினொண்ணு, பன்னெண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகங்களையும் இறக்கி வச்சுக்கிட்டா. கரண்டு போனா போன்ல, போன் சார்ஜ் போனா புத்தகத்துல. லாத்தாவுக்குக் கவலை. "ரெண்டு தோணியில கால் வைக்கிறா"ன்னு. மச்சான் ஒண்ணும் சொல்லல, மாசாமாசம் நெட் பேக் மட்டும் போட்டு விட்டுருவாரு.

இந்த நேரத்துலதான் நியூஜெர்சிக்காரிக்கு ஆன்லைன் பாடத்தோட செய்முறைக்காக ஒரு பார்சல் வந்துச்சு. பிரிச்சா உள்ள கத்தி, கையுறை, மருந்துத் தண்ணியில ஊறின ஒரு செம்மறியாட்டு இதயம். அதை அறுத்துப் படம் எடுத்து அனுப்பணும். இங்க இவ கேட்டா, "அதுக்கு எதுக்கு மாமா பார்சல்?"

நேரா கறிக்கடைக்குப் போயி ஒரு இதயம் வாங்கிட்டு வந்துட்டா. அங்க காலை, இங்க ராத்திரி. வீடியோ கால்ல ரெண்டு பேரும் சேந்தே அறுத்தாங்க. இடது கீழறையோட சுவர் வலதுபக்கத்தை விட எத்தனை தடிமன், வால்வைப் பிடிச்சு நிக்கிற வெள்ளை நூலுங்க, வலது கீழறைக்குக் குறுக்கால ஓடுற ஒரு பட்டை.. எல்லாம் ரெண்டுலயும் இருந்துச்சு. ஆனா பார்சல்ல வந்தது விறைச்சுப்போய் ரப்பர் மாதிரி. இவ கையில இருந்தது மெத்துன்னு, விரலை உள்ள விட்டா வால்வு விரலோட மடங்குது. "எனக்கு அது தெரியலையே"ன்னு அங்க ஒரே பொருமல். முதல் தடவையா நியூஜெர்சிக்கு அதிராம்பட்டினத்து மேல பொறாமை!

அடுத்தது வயிறு. அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் லீவுல போயிருந்தேன். குடல் சுத்தம் பண்ற இடத்துல பெரியம்மா ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க, பள்ளிக்கூடமே பாக்காதவங்க. இவ நோட்டை வச்சுக்கிட்டு பக்கத்துல குந்திட்டா. அவங்க ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுறாங்க. "இது துண்டு மாதிரி இருக்குல்ல, வெந்நியில போட்டுச் சொரண்டணும்." ரூமன். "இது தேன்கூடு." ரெட்டிகுலம். "இது புத்தகம், ஏடு ஏடா பிரிச்சுக் கழுவணும், மண்ணு இருக்கும்." ஒமேசம். "இது வழவழன்னு இருக்கும், நம்ம வயிறு மாதிரி." அபோமேசம். அது சத்தியமா நம்ம வயிறு மாதிரிதான், அமிலம் சுரக்கிற நிஜ வயிறு அது ஒண்ணுதான்! நாற்பது வருஷ அடுப்படி அறிவும் ஆன்லைன் பாடமும் ஒரே அண்டாவுல வந்து சேந்ததை நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

மரபியல் பாடம் வந்தப்ப உம்பளாச்சேரி மாட்டைத் தேடிப் போனா. நம்ம டெல்டா சேத்துல உழுறதுக்குன்னே உருவான இனம். கன்னு பிறக்கும்போது சிவப்பு, முகத்துலயும் காலுலயும் வெள்ளை. கொஞ்ச மாசத்துல சாம்பல் நிறமா மாறிடும். "ஜீன் அதேதானே மாமா, அப்புறம் நிறம் ஏன் மாறுது?"ன்னு ஒரு கேள்வி. மாட்டுக்காரர், "அது அப்படித்தான்"ன்னுட்டாரு. நானும் அதையே சொல்லிட்டேன் :-)

இதெல்லாம் பாத்ததுல எனக்குப் பட்டது இதுதான். பாடத்துல பாதி எங்கேர்ந்து வேணா வரும், திரையில வந்தாலும் அது பாடம்தான். மிச்சப் பாதி கையில வரணும். அது அமெரிக்காவுல பார்சல்ல வருது, நம்ம ஊர்ல தெருவுல திரியுது. நம்மகிட்ட குறையிறது ஆடும் இல்ல, ஆசையும் இல்ல. விட்டதைத் திரும்பப் படிக்க ஒரு வழி. அதைச் சந்தா வைக்காம சாலையா வச்சா என்ன?

பத்தாவது முடிச்ச பிள்ளைங்க வீட்டுல இருந்தா ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிக்கிறேன். குழப்பமா இருந்தா கணக்கு-உயிரியல் குரூப். அதுல ரெண்டு பக்கக் கதவும் திறந்திருக்கும். ஏற்கனவே மாறி எடுத்துட்டவங்க, விண்ணப்பிக்கிற வருஷத்துக் கையேட்டை ஒரு வரி விடாம படிச்சுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. மாநில இடத்துக்கு ஒரு விதி, அகில இந்திய இடத்துக்கு ஒரு விதி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாருன்னு போகாதீங்க.

லாத்தா மகள் இன்னும் நீட் எழுதல. கிடைக்குமான்னு கேட்டா, "கிடைக்கலைன்னா அடுத்த வருஷம்"ங்கிறா. நேத்து பேசும்போது தெருவுல ஏதோ கல்யாணமாம், மிச்சச் சோத்தை மூடி போட்ட டிரம்ல கொட்டுங்கன்னு வீடு வீடா போய் சொல்லிட்டு வந்தாளாம். டாக்டர் ஆகுறதுக்கு முந்தியே பிராக்டிஸ் ஆரம்பிச்சாச்சு.

டிஸ்கி: ஆடு மாடு வச்சிருக்கவங்க 1962ங்கிற நம்பரைப் போன்ல போட்டு வச்சுக்குங்க, கால்நடை ஆம்புலன்ஸ். ஓமத்தண்ணியை நாம குடிச்சுக்கலாம்.