பிகு பண்ணாதடா!

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நண்பன் வீட்டுக்குப் போறீங்க. தட்டு நிறைய வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வருது. வயிறு "கொண்டா கொண்டா"ங்குது. வாய் என்ன சொல்லும்? "ஐயோ, வேண்டாம் ஆன்ட்டி, இப்பதான் சாப்பிட்டு வந்தேன்." இதுக்குப் பேர்தான் பிகு.

ஹாஸ்டலில் சேர்ந்த புதுசில் காரைக்குடிக்கார நண்பன் ஒருத்தன் வீட்டில் நானும் இதைச் செய்தேன். அவனோட ஆயா (இங்கே அம்மாவைப் பெத்த பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவாங்க) சிரிச்சுக்கிட்டே, "பிகு பண்ணாம சாப்பிடுப்பா"ன்னு நாலு பணியாரத்தைத் தட்டில் தள்ளிட்டாங்க. எட்டு சாப்பிட்டேன் என்பது வேறு கதை.

அன்னைக்குத்தான் இந்தச் சொல் எங்கேர்ந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். பிகு நமக்குத் தெலுங்கு வழியா வந்த சொல். அங்கே அதுக்கு 'இறுக்கம்'னு பொருள். கன்னடத்திலும் 'பிகி'ன்னா இறுக்கம்தான். தமிழிலும் பழைய ஆட்கள் முடிச்சு பிகுவா இருக்கு, சட்டை பிகுவா இருக்குன்னு சொல்லுவாங்க. இறுக்கமான கயிறு லேசில் அவிழாது. அதே மாதிரி லேசில் இணங்காத ஆள், அப்புறம் இணங்காத மாதிரி நடிக்கிற ஆள்னு பொருள் நகர்ந்த வழியைப் புரிஞ்சுக்கிறது கஷ்டமில்லை. நம்ம சொந்தச் சொல் 'முறுக்கு'ம் இதே ரூட்டில் வந்ததுதானே? கயித்தை முறுக்கினோம், மீசையை முறுக்கினோம், கடைசியில் மாப்பிள்ளை முறுக்கில் வந்து நிக்கிறோம்.

நாணம் வேற, பிகு வேற. குறளில் 'நாணுடைமை'ன்னு ஒரு அதிகாரமே இருக்கு. அது தப்பு செய்யக் கூசுறதைப் பத்திப் பேசுது. பிகுவுக்குக் கொஞ்சம் கிட்ட வர்றது ஊடல். அதை வள்ளுவர் உப்போட ஒப்பிடுறார். அளவா இருந்தா ருசி, கொஞ்சம் நீண்டாலும் கரிக்கும். ஈரானில் 'தாரோஃப்'னு ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரர்கூட மரியாதைக்கு முதலில் காசு வேண்டாம்பார். நாமதான் வற்புறுத்திக் கொடுக்கணும். நம்பி அப்படியே நடையைக் கட்டினா அவ்வளவுதான்! ஆக, முதல் 'வேண்டாம்' நிஜமில்லைன்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சு ஆடுற ஆட்டம் இது.

ஆனா அந்த 'வேண்டாம்' நிஜமா இருந்தா?

செகண்ட் இயரில் கொச்சிக்கு ஐவி போனோம். என் ரூம்மேட் மட்டும் வரலைன்னான். "எனக்கு பஸ் ஒத்துக்காதுடா." நாங்க விடுவோமா? "ரொம்பத்தான் பிகு பண்றான்", "காலில் விழணுமாம்டா"ன்னு வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கர் மழை. முதல் ஸ்டிக்கர் போட்டது நான்தான். அவன் சிரிக்கிற எமோஜி ஒண்ணு போட்டுட்டு அமைதியாயிட்டான். நாங்க போயிட்டு வந்து, ஒரு வாரம் போட்டோவாப் போட்டுத் தள்ளினோம்.

அடுத்த மாசம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு தேவகோட்டை போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணி தெளிச்சிட்டு நிமிர்ந்தா, கேட்டரிங் டீ-ஷர்ட்டோட சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு வரிசையா பரிமாறிட்டு வர்றான் என் ரூம்மேட்! ஞாயித்துக்கிழமையானா "மாமா வீட்டுக்குப் போறேன்"னு அவன் கிளம்பினதெல்லாம் இங்கேதான்.

என் இலைக்கு வந்தான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. "போதும்டா"ன்னேன், ஊத்துறதுக்கு முன்னாடியே. அவன் ஒரு கரண்டி ஊத்திட்டு, "பிகு பண்ணாம சாப்பிடுடா"ன்னு சொல்லிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டான்.

ராத்திரி ரூமில் நானே கேட்டேன். "ஐவிக்குக் காசு வீட்ல கேட்டா அனுப்பிருப்பாங்கடா. கடன் வாங்கி அனுப்பிருப்பாங்க. அதான் கேக்கலை"ன்னான். "எங்ககிட்ட சொல்லிருக்கலாம்ல?" "குரூப்ல எப்படிடா சொல்றது?"

அவன்கிட்ட இருந்ததும் பிகுதான். ஆனா அகராதியில் இருக்கிற பழைய பிகு, இறுக்கம். கை இறுக்கம். அதை வெளியே காட்டாம இருக்க வாயையும் இறுக்கிக்கிட்டான். நாங்க அதை நடிப்புன்னு நினைச்சுட்டோம்.

அதனால மக்களே, பணியாரத்துக்குப் பிகு பண்ணுங்க, தப்பே இல்லை. ஆனா உங்க கிளாஸில் யாராவது டூருக்கு, ட்ரீட்டுக்கு, ஃபேர்வெல் டிரெஸ்ஸுக்கு 'வேண்டாம்'னு சொன்னா, இன்னொரு தடவை கேளுங்க. குரூப்பில் இல்லை, தனியா. அப்பவும் 'வேண்டாம்'னா, ஏன்னு தோண்டாம பக்கத்தில் உட்காருங்க.

இந்த வருஷ டூருக்கு இன்னும் பேர் கொடுக்கலை. ரூம்மேட் வர்றானான்னு கேட்டேன். "பார்ப்போம்டா"ன்னான். நான் ஸ்டிக்கர் எதுவும் போடலை. வர்ற ஞாயித்துக்கிழமை பந்திக்கு ரெண்டு ஆள் குறையுதாம். நானும் போறேன்.