அட்டையில் ஏறாத கணக்கு

மனிதனுக்கு எண்களின் மீது இருக்கிற மோகம் விசித்திரமானது. பள்ளிக்கூடத்து மதிப்பெண், மாதச் சம்பளம், ரத்த அழுத்தம் என்று கடைசி வரையில் ஏதாவது ஓர் எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டேதான் நடக்கிறோம். விளையாட்டு வீரர்களின் பாடு இன்னும் மோசம். அவர்களுடைய எண்களை அட்டையில் அச்சடித்துக் குழந்தைகள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த வழக்கம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைப்பார்கள். அது வெறும் அட்டையாக இருப்பானேன் என்று பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படத்தை அதில் போட்டார்கள். பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. அங்கே பந்து வீசுகிறவருக்குப் 'பிட்சர்' என்று பெயர். சை யங் என்று ஒரு பிட்சர் இருந்தார். 1890 முதல் 1911 வரை ஆடி, 511 வெற்றிகளைத் தம் பெயரில் எழுதிக்கொண்டவர். இன்று வரை அதை யாரும் எட்டவில்லை. ஆண்டுதோறும் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது. அதே மனிதரின் கணக்கில் 300-க்கு மேற்பட்ட தோல்விகளும் உண்டு. அதிலும் அவர்தான் முதல்வர்! ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது 511-ஐ மட்டுந்தான்.

அந்தக் காலத்து அட்டைகளுக்கு இன்று என்ன விலை தெரியுமா? ஹானஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் படம் போட்ட சிகரெட் அட்டை ஒன்று 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. அவர் தம் படத்தைப் போடச் சம்மதிக்காததால் அந்த அட்டை பாதியில் நின்றுபோயிற்று. அதனாலேயே அருமையாகிவிட்டது என்பார்கள். டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி 1952-இல் அச்சிட்ட அட்டைகளின் கதை இன்னும் வேடிக்கை. விற்காமல் தேங்கிய கட்டுகளை 1960-இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்களாம். முழுகாமல் தப்பித்த அட்டைகளில் ஒன்றுதான் 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிற்று. அழிந்தது போக மிஞ்சியதற்குத்தான் உலகத்தில் விலை.

எங்கள் வேலப்பன்சாவடிக்கும் அட்டைகள் பபிள்கம்மோடுதான் வந்தன. 1987-இல் உலகக் கோப்பைப் போட்டி நம் நாட்டில் நடந்த சமயம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இளைப்பாறிப் போன இடம் என்பதைத் தவிர எங்கள் ஊர்ப் பெயருக்கு அப்போது வேறு மகிமை கிடையாது. இன்றைக்கு இருக்கிற கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் அன்று கனவில்கூட யாரும் கண்டதில்லை. பெட்டிக்கடையில் 'பிக் ஃபன்' வாங்கினால் உள்ளே ஓர் ஆட்டக்காரரின் படம் இருக்கும். அதில் இத்தனை ஓட்டம், இத்தனை விக்கெட் என்று போட்டிருக்கும். சேர்த்துக் கொடுத்தால், கட்டைவிரலால் புரட்டியதும் படத்து மனிதர் பந்தடிக்கிற ஒரு குட்டிப் புத்தகம் கிடைக்கும். அதற்காக நாங்கள் மென்ற பிசினைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வீடே கட்டியிருக்கலாம்.

சில வருஷங்களில் 'டிரம்ப் கார்டு' வந்தது. ஒருவன் "விக்கெட்" என்பான். யார் கையிலுள்ள அட்டையில் பெரிய எண் இருக்கிறதோ, மற்ற அட்டைகளெல்லாம் அவனுக்கு. திண்ணையில் உட்கார்ந்து பொழுது சாயும் வரை ஆடுவோம்.

என் தகப்பனார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். வேலை முடிந்து சைக்கிளில் வந்து, கை கால் கழுவிக்கொண்டு, நாங்கள் ஆடுவதைப் பார்ப்பார். ஒருநாள் கேட்டார்:

"ஏண்டா, இதிலே வெங்கட்ராகவன் இல்லையா?"

இல்லை. அவர் ஆட்டத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த வெங்கட்ராகவன், தொலைக்காட்சியில் வெள்ளைக் கோட்டுடன் விறைப்பாக நிற்கிற அம்பயர்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழைய காலண்டர் அட்டையை அளவாக வெட்டி, செய்தித்தாளில் வந்த படம் ஒன்றை ஒட்டி, தம்முடைய குண்டு எழுத்தில் எழுதினார்: டெஸ்ட் 57, விக்கெட் 156, சிறந்த பந்துவீச்சு 8/72. மறுநாள் அது எங்கள் கட்டில் கலந்தது. எங்களுக்குச் சங்கடம். 434 விக்கெட் எடுத்த கபில்தேவ் எதிரே வந்தால் 156 என்ன செய்யும்? பக்கத்து வீட்டுப் பையன் வாய்விட்டே சொல்லிவிட்டான்: "மாமா, இது யார் கைக்கு வந்தாலும் தோத்துடுவாங்க மாமா."

அப்பா சிரித்தார். அட்டையை வாங்கி அடியில் இன்னொரு வரி எழுதினார்: 'உட்கார வைக்கப்பட்ட ஆட்டம்'. எதிரே எண் எதையும் எழுதவில்லை.

பிறகு, பல மாலைகளில், அந்த வரிக்கு அவர் சொன்ன உரையைத்தான் இங்கே சுருக்கிச் சொல்கிறேன். கிண்டிப் பொறியியற் கல்லூரி மாணவர். இருபது வயது நிரம்பாமலே 1965-இல் டெல்லியில் நியூசிலாந்தின் 12 விக்கெட்டுகளை ஒரே டெஸ்டில் சாய்த்தவர். ஆனால் அவர் காலத்திலேயே பிரசன்னா, பேடி, சந்திரசேகர் மூவரும் இருந்தார்கள். நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான். அது 1967-இல் பர்மிங்ஹாமில். பிரசன்னாவும் வெங்கட்டும் ஒரே வகைச் சுழல் பந்து வீசுகிறவர்கள். ஒருவர் உள்ளே போனால் பெரும்பாலும் மற்றவர் வெளியே. 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளில் நாம் முதன்முதலாகத் தொடரை வென்றபோது, 22 விக்கெட்டுகளோடு நம் பந்துவீச்சாளர்களில் முன்னால் நின்றவர் வெங்கட்தான். 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டுக்கு அவரே தலைவர். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள்! தலைமை தாங்கியவர் தண்ணீர் கொண்டுபோனார். 1979-இல் மறுபடியும் தலைவராக இங்கிலாந்து போனார். ஓவல் மைதானத்தில் 438 ஓட்டம் தேவை என்ற நிலையில், கவாஸ்கரின் 221 ஓட்டங்களின் பலத்தில் 8 விக்கெட்டுக்கு 429 வரை போய் நின்றார்கள். ஊர் திரும்பும் விமானத்திலேயே, இனித் தலைவர் கவாஸ்கர் என்று அறிவிப்பு வந்தது.

"அப்புறம் என்ன செய்தார்?" என்று கேட்டேன்.

"என்ன செய்வார்? கூப்பிட்டபோது போய்ப் பந்து போட்டார். 1983 வரைக்கும் போட்டார். அப்புறம் கோட்டை மாட்டிக்கிட்டு அம்பயரா நின்னார்."

அப்படி நின்ற டெஸ்டுகள் 73. ஆடியதைவிட அதிகம். ரஞ்சிக் கோப்பையில் எடுத்த விக்கெட்டுகள் 530. அவை எங்கள் அட்டை எதிலும் கேட்கப்படாத எண்கள்.

அப்பா ஏன் அந்த ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கிற்று. பட்டறையில் அவர் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் இரண்டு பேர் அவருக்கே மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். படித்தவர்கள் என்பது காரணம். ஒவ்வொரு தடவையும் அப்பா புது மேற்பார்வையாளருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை ஏழரை மணிக்கு லேத்தின் முன் நின்றார். ஓய்வு பெறும் நாள் வரை அவர் கடைந்த உருப்படி அளவு தப்பித் திரும்பி வந்ததில்லை என்று அவருடன் வேலை செய்த ஒருவர் துக்கம் கேட்க வந்த அன்று சொன்னார். அந்தக் கணக்கையும் யாரும் அட்டையில் எழுதவில்லை.

சென்ற ஆண்டு, பழைய அட்டைகள் சேகரிக்கிற இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பபிள்கம் அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நான் எதிர்பாராத தொகையைச் சொன்னார். காலண்டர் அட்டையைப் பார்த்ததும் மரியாதையாகத் தள்ளி வைத்தார்.

"இது ஒரிஜினல் இல்லையே, சார்."

உலகத்தில் இது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று அவரிடம் வாதாடலாம்தான். வாதாடவில்லை. மற்றவற்றை அவரிடமே கொடுத்து அனுப்பினேன். சேகரிக்கிறவர் கையில் அவை பத்திரமாக இருக்கும்.

திறமை உள்ளவன் ஜெயிப்பதைப் பார்க்க நமக்குப் பிடிக்கிறது. அதை எண்ணி வைக்கவும் தெரிகிறது. திறமை இருந்தும் உட்கார வைக்கப்பட்டவன், முகம் சுளிக்காமல், கையின் பழக்கம் விட்டுப்போகாமல், மறுபடி கூப்பிடும் வரை காத்திருக்கிறானே, அதை எந்த எண்ணால் எழுதுவது? அப்பாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு, எதிரே உள்ள இடத்தைக் காலியாக விட்டார் போலும்.

என் மகனுக்கு இப்போது பதினோரு வயது. அந்த இடத்தில் என்ன எண் போடலாம் என்று கேட்டான். ஒன்றும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.