மலைக்குப் பின்னால் இறங்கும் காற்று

மலையில் சின்ன விமானம் விழுந்தால் போதும், "ஓட்டியவருக்கு அனுபவம் பத்தாது" என்று உடனே யாராவது எழுதிவிடுகிறார்கள். இறந்தவருக்குச் செய்யும் அநியாயம் அது.

ஸ்டீவ் ஃபாசெட்டுக்கா அனுபவம் இல்லை? 2002இல் பலூனில் தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். 2005இல் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், விமானத்திலும் தனியாகச் சுற்றி வந்தார். 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவின் பண்ணை ஒன்றிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பியவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு, மலையேறப் போன ஒருவர் கையில் அவருடைய அடையாள அட்டைகள் கிடைத்த பிறகே, கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் சுமார் 10,000 அடி உயரத்தில் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள்.

விசாரணை சொன்ன காரணம், கீழிறங்கும் காற்று. மலைமுகட்டில் மோதி ஏறும் காற்று, மறுபக்கம் அருவிபோல் கொட்டும். மேகம் இல்லையென்றால் அது கண்ணுக்கே தெரியாது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு; எஞ்சின் இழுவை குறையும், இறக்கையும் அவ்வளவாகத் தூக்காது. விமானம் ஏறும் வேகத்தைவிடக் காற்று இறங்கும் வேகம் அதிகமானால், எவ்வளவு பெரிய விமானியானாலும் என்ன செய்ய முடியும்?

அதனால்தான் மலை விமானிகளுக்கு, முகட்டை நேராகக் கடக்காதே, 45 பாகைக் கோணத்தில் அணுகு என்று சொல்லித்தருகிறார்கள். காற்று அழுத்தினால் சட்டென்று பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிவிடலாம்.